மறுநாள் புறப்பட்ட சமாரியன்: வீடு சந்திப்புக்குப் போகிறவர்களுக்கு

நோயாளிகளையும் கஷ்டத்தில் இருப்பவர்களையும் வீடு தேடிப் போய்ப் பார்க்கிற எங்கள் சபையின் வீடு சந்திப்புக் குழுவில் புதிதாகச் சேருகிறவர்களை முதல் நாள் லூக்கா 10-ஆம் அதிகாரம் வாசிக்கச் சொல்வேன். நல்ல சமாரியன் கதை எல்லோருக்கும் மனப்பாடம்தான். ஆனாலும் 35-ஆம் வசனத்தை மட்டும் இன்னொரு முறை வாசிக்கச் சொல்வேன். வழியில் கள்ளரிடம் அடிபட்டுக் கிடந்தவனின் காயங்களைச் சமாரியன் கட்டினான், தன் வாகனத்தில் ஏற்றினான், சத்திரத்தில் வைத்துப் பராமரித்தான். மறுநாள் புறப்பட்டுவிட்டான். புறப்படும்போது இரண்டு பணம் கொடுத்து, "நீ இவனை விசாரித்துக்கொள்" என்று சத்திரக்காரனிடம் ஒப்படைத்தான். திரும்பி வருவேன் என்றும் சொன்னான். தன் பயணத்தை அவன் விட்டுவிடவில்லை. அதற்காக இயேசு அவனைக் குறை சொல்லவும் இல்லை. "நீயும் போய் அந்தப்படியே செய்" என்றுதான் சொன்னார்.

நான் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள், இப்போது திருப்பூரில் இருக்கிறேன். வார்டில் டூட்டி முடிந்தால் அடுத்த ஷிஃப்ட் நர்ஸிடம் படுக்கை படுக்கையாகச் சொல்லி ஒப்படைத்துவிட்டுத்தான் கிளம்புவோம். எந்த ட்ரிப் எப்போது முடியும், யாருக்கு ராத்திரி காய்ச்சல் ஏறலாம், யாருடைய வீட்டாரிடம் என்ன சொல்லியிருக்கிறது, எல்லாவற்றையும் சொல்வோம். அதன் பிறகு வீட்டுக்குப் போய்த் தூங்குவதை யாரும் அன்பில்லாத செயல் என்று சொன்னதில்லை. சபையில் மட்டும் "இன்றைக்கு என்னால் முடியவில்லை" என்று சொல்கிறவரின் விசுவாசத்தையே சந்தேகப்படுகிறோம். நல்ல மனசுள்ள பெண்கள் பலர் இதனால் களைத்துப்போய், ஊழியமே வேண்டாம் என்று ஒதுங்கியதைப் பார்த்திருக்கிறேன். அவர்களை இழக்கக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

போவதற்கு முன்பே ஓர் அளவு வைத்துக்கொள்ளுங்கள். அதை அந்த வீட்டில் வாய்விட்டும் சொல்லிவிடுங்கள். "செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வருவோமுங்க, முக்கால் மணி நேரம் இருப்போம், ரெண்டு பேராத்தான் வருவோம்" என்று சொன்னால் அவர்களும் அதற்குத் தகுந்தபடி இருப்பார்கள். சீஷர்களைக்கூட இயேசு இரண்டு இரண்டு பேராகத்தான் அனுப்பினார். தனியாகப் போகும் பழக்கத்தை யாரும் ஆரம்பிக்கவே வேண்டாம். நேரத்தைச் சொல்லாமல் விட்டால், ஒறம்பரை (விருந்தாளி) வந்ததாக நினைத்து நம் கொங்குப் பக்கத்து வீடுகளில் காப்பி, முறுக்கு, அப்புறம் சோறு என்று ஆரம்பித்துவிடுவார்கள். கீமோதெரபி முடிந்து ஒருவர் படுத்திருக்க, அவர் மனைவி நமக்காக அடுப்படியில் நிற்கிறார் என்றால் நாம் போனதால் அந்த வீட்டுக்கு என்ன உதவி? தண்ணீர் மட்டும் வாங்கிக் குடியுங்கள். நோயாளிக்குக் கண் சொருகினால் சொன்ன நேரத்துக்கு முன்பே எழுந்துவிடுங்கள். அயலான் சலித்துப்போகும்படி அடிக்கடி அவன் வீட்டில் கால் வைக்காதே என்று நீதிமொழிகள் 25:17 சொல்கிறது.

என்ன வேண்டும் என்று கேளுங்கள். பர்திமேயு கண் தெரியாதவன் என்று எல்லோருக்கும் தெரியும். இருந்தும் இயேசு அவனிடம், உனக்கு நான் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார் (மாற்கு 10:51). நாம் கேட்பதே இல்லை. நாமாக ஒன்றைச் செய்துவிட்டு, பிறகு அவர்கள் நன்றியாக இல்லை என்று வருத்தப்படுகிறோம்.

அடுத்தது போன். பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிஃப்ட் பார்க்கிறவர் ராத்திரி எட்டரைக்கு மேல் வெளியே வந்து, வீடு சேர்ந்து, சோறாக்கி, பிள்ளைகளைப் படுக்க வைத்த பிறகுதான் போனைக் கையில் எடுப்பார். அவரிடம் "ஆறு மணிக்கு மேல் கூப்பிடாதீங்க" என்றால் கூப்பிடவே வேண்டாம் என்று சொன்னதாகிவிடும். அதனால் எல்லையை அவருடைய நேரத்தைப் பார்த்துத்தான் போட வேண்டும். நாங்கள் வாரத்தில் இரண்டு ராத்திரி பத்து மணி வரை முறை வைத்துப் போன் எடுக்கிறோம். மற்ற ராத்திரிகளில் வரும் செய்திக்குக் காலையில் பதில். அவசரத்துக்கான எண்களை ஒரு சீட்டில் எழுதி ஒவ்வொரு வீட்டிலும் ஒட்டச் சொல்கிறோம்: ஆம்புலன்ஸுக்கு 108, பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098, மனக் கஷ்டத்துக்கு எந்த நேரமும் இலவசமாகப் பேச 14416. மூச்சுத் திணறல் என்றால் முதலில் 108, அப்புறம் எனக்கு.

இதில் ஒரே ஒரு விலக்கு உண்டு. "சாகணும்போல இருக்குக்கா" என்று யாராவது சொன்னால் நேரம் பார்க்காதீர்கள், போனை வைத்துவிடாதீர்கள். தற்கொலை எண்ணம் வருகிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று விசாரித்து அவர்களை எழுப்பச் சொல்லுங்கள், பூச்சி மருந்தும் மாத்திரையும் கைக்கு எட்டாமல் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். விடிந்ததும் மருத்துவரிடம். இதை ஒரு நாளும் ஒருவராகவே சமாளிக்கப் பார்க்காதீர்கள்.

முடியாது என்று சொல்வதுதான் நமக்கு மிகவும் கஷ்டம். கொங்கு நாட்டில் யாரும் முகத்துக்கு நேரே மறுத்துப் பேச மாட்டோம். "பாக்கலாமுங்க" என்போம். சொன்னவருக்கு அது மறுப்பு. உடம்பு முடியாமல் படுத்திருக்கிறவருக்கோ அது நம்பிக்கை. அவர் வாசலைப் பார்த்துக்கொண்டே இருப்பார். உள்ளதை உள்ளதென்றும் இல்லதை இல்லதென்றும் சொல்லுங்கள் என்று கர்த்தர் சொன்னது இந்த இடத்துக்கும்தான். இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "இல்லைங்கக்கா, இன்னைக்கு ராத்திரி என்னால வர முடியாதுங்க. நாளைக்குப் பத்து மணிக்கு வந்துடறேன். அதுவரைக்கும் பக்கத்து வீட்டு அம்மிணியை வந்து உக்காரச் சொல்லட்டுங்களா?" முடியாது என்பதோடு எப்போது முடியும், அதுவரை யார் இருப்பார்கள் என்பதும் அதில் இருக்கிறது. காரணத்தை நீட்டி விளக்க வேண்டாம். விளக்க ஆரம்பித்தால் பேரம் ஆகிவிடும்.

பணத்தில் நான் கண்டிப்பானவள். சொந்தப் பணத்தைக் கடனாகக் கொடுக்காதீர்கள். கொடுப்பதாக இருந்தால் திரும்பி வராது என்று தீர்மானித்துக் கொடுத்துவிடுங்கள். விசனமாயுமல்ல, கட்டாயமாயுமல்ல என்று பவுல் எழுதியது (2 கொரிந்தியர் 9:7) கொடுக்கிறவரின் மனதைப் பார்த்துத்தான். பெரிய தொகை என்றால் ஆயரிடம் சொல்லி சபை நிதியிலிருந்து கேளுங்கள். மருந்துக் கடைக்கோ ஆஸ்பத்திரிக்கோ நேராகக் கட்டச் சொல்லுங்கள். ஃபைனான்ஸுக்கோ குழுக் கடனுக்கோ ஜாமீன் கையெழுத்து வேண்டவே வேண்டாம். கடனுக்காகப் பிணைப்படுகிறவர்களில் ஒருவனாகாதே என்று நீதிமொழிகள் 22:26-இல் தெளிவாகவே இருக்கிறது. வாரத் தவணை தவறினால் வசூலுக்கு வருகிறவர் உங்கள் வீட்டு வாசலில் நிற்பார். அதற்குப் பிறகு அந்தக் குடும்பத்தோடு சேர்ந்து ஜெபிக்க உங்களுக்கும் வாய் வராது, அவர்களுக்கும் முகம் இருக்காது.

குடிக்கிறவர் வீட்டுக்குப் போகும்போது இன்னும் கவனம் தேவை. சனிக்கிழமை சம்பளம் வாங்கியவர் ஞாயிற்றுக்கிழமை எழுந்திருக்க முடியாமல் கிடப்பார். அவர் மனைவி நம்மிடம், "திங்கட்கிழமை வேலைக்கு வரலைன்னா காய்ச்சல்னு நீங்க கம்பெனில சொல்லிடுங்கக்கா" என்பார். சொல்லாதீர்கள். மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது, அதைச் செய்யுங்கள். அவர் செய்ததன் பலனை அவருக்குப் பதிலாக நீங்கள் ஏற்றுக்கொள்ளாதீர்கள். கலாத்தியர் 6-ஆம் அதிகாரத்தில் ஒருவர் பாரத்தை ஒருவர் சுமக்கச் சொன்ன அதே பவுல், மூன்று வசனம் தள்ளி, அவனவன் தன்தன் பாரத்தைச் சுமப்பானே என்றும் எழுதியிருக்கிறார்.

ஒரு மருத்துவ எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். தினமும் அதிகமாகக் குடிக்கிறவர் ஜெபக் கூட்டத்தில் தீர்மானம் எடுத்து அன்றோடு நிறுத்தினால், முதல் சில நாள்களில் கை நடுக்கம், வலிப்பு, புத்தித் தடுமாற்றம் வரலாம். உயிருக்கே ஆபத்தாகவும் முடியலாம். தீர்மானத்துக்காக சந்தோஷப்படுங்கள், அன்றைக்கே ஜி.எச்.சுக்கும் கூட்டிப் போங்கள்.

ரகசியம் பற்றி: "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று கேட்பதற்கு முன்பே வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். "உங்க உயிருக்கோ ஒரு குழந்தைக்கோ ஆபத்துன்னா நான் சொல்லித்தான் ஆகணுமுங்க, மத்ததெல்லாம் என்னோட இருக்கும்" என்று முதலிலேயே சொல்லுங்கள். குழந்தைக்குப் பாலியல் துன்பம் நடந்தது தெரிந்தும் போலீஸுக்குத் தெரிவிக்காமல் இருப்பது 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி குற்றம். குடும்ப மானம், சபையின் பெயர் என்று எதுவும் அதற்குத் தடையாகக் கூடாது. மற்ற விஷயங்கள் ஜெபக் குறிப்பு என்ற பெயரில்கூட வெளியே போகக் கூடாது.

குழுவை நடத்துகிறவர்கள் யாத்திராகமம் 18-ஐ வாசியுங்கள். காலையிலிருந்து சாயங்காலம் வரை மோசே ஒருவராக உட்கார்ந்து நியாயம் விசாரிப்பதைப் பார்த்த மாமனார், நீர் செய்கிற காரியம் நல்லதல்ல என்றார். நீரும் ஜனங்களும் தொய்ந்துபோவீர்கள் என்றும் சொன்னார். ஒரே ஆள்தான் எல்லாவற்றையும் செய்கிறார் என்றால் காத்துக்கிடக்கிற ஜனங்களுக்கும் கஷ்டம். ஒவ்வொரு வீட்டுக்கும் முதல் ஆள் ஒருவர், அவர் இல்லாவிட்டால் போகிற இரண்டாம் ஆள் ஒருவர் என்று நோட்டில் எழுதி வையுங்கள். நோம்பி (பண்டிகை) நாளில் யார், பிள்ளைகளுக்குப் பரீட்சை நேரத்தில் யார் என்பதையும் எழுதுங்கள்.

இதெல்லாம் போய்விட்டு வர முடிகிறவர்களுக்கு. வீட்டிலேயே படுக்கையாகக் கிடக்கிற மாமியாரையோ கணவரையோ பார்த்துக்கொள்கிற பெண்ணிடம் எல்லை வைத்துக்கொள் என்று புத்தி சொல்வது நியாயம் இல்லை. அவருக்கு எழுந்து போக இடம் கிடையாது. அவருக்கான எல்லையை நாம்தான் உண்டாக்கிக் கொடுக்க வேண்டும். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பதிந்திருக்கிறதா என்று பாருங்கள். 2021-இல் தொடங்கிய திட்டம் அது. பிரஷர், சர்க்கரை மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுப்பார்கள். பிசியோதெரபிக்கும் தீராத நோயாளிகளின் வலி பராமரிப்புக்கும் வீட்டுக்கு வருவார்கள். அதற்கு மேல், வாரம் ஒரு மதியம் உங்கள் குழுவில் இரண்டு பேர் அங்கே போய் உட்காருங்கள். ஜெபம் சுருக்கமாகப் போதும். மாத்திரை நேரத்தையும், எந்தப் பக்கம் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும் என்பதையும் கேட்டு எழுதிக்கொண்டு, அவரை வெளியே அனுப்புங்கள். தூங்கட்டும், சந்தைக்குப் போகட்டும், அம்மா வீட்டுக்குப் போய் வரட்டும். எங்கே போனீர்கள் என்று கேட்க வேண்டாம். அவர் வந்ததும் கொடுத்த மாத்திரையையும் குடித்த கஞ்சியின் அளவையும் சொல்லிவிட்டு, அடுத்த முறை எந்தக் கிழமை என்று அவர் வீட்டுக் காலண்டரில் குறித்துவிட்டுக் கிளம்புங்கள்.