கொன்சோச் சொல்லைச் சரியாகச் சொல்லவும் எழுதிக்கொள்ளவும்

தெற்கு எத்தியோப்பியாவில், கொன்சோ மக்களின் மலைப்பகுதியில், கரத் என்று ஓர் ஊர் இருக்கிறது. அதற்குப் பகவ்லே என்றும் பெயர் உண்டு. சில ஆவணங்களில் இதன் முதல் எழுத்து 'பல்' என்பதில் வரும் ப போல இருக்கும், சிலவற்றில் 'அன்பு' என்பதில் வரும் ப போல இருக்கும். கொன்சோ மொழியைப் படிக்கத் தொடங்குகிறவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இந்தக் குழப்பம் எங்கிருந்து வந்தது என்பதுதான், ஏனென்றால் அது புரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

கொன்சோவில் க-வுக்கும் மெல்லிய க-வுக்கும், த-வுக்கும் மெல்லிய த-வுக்கும் இடையே பொருள் மாறாது. அதாவது 'கல்', 'பல்' என்பவற்றில் வரும் வல்லொலிகள் ஒரு வரிசையாக இருக்கும், 'அங்கு', 'அன்பு' என்பவற்றில் நாம் சொல்லும் குரல் கலந்த ஒலிகளுக்குத் தனி வரிசை கிடையாது. ஆங்கிலமோ எத்தியோப்பியாவின் பொதுமொழியான அம்ஹாரிக்கோ பேசிப் பழகியவருக்கு இது விநோதம். நமக்கு இல்லை. நாமும் இரண்டுக்கும் ஒரே எழுத்தைத்தான் வைத்திருக்கிறோம். பக்கத்து ஒரோமோ மொழியில் தண்ணீரை 'பிஷான்' என்பார்கள், அந்தப் ப 'அன்பு' போல ஒலிக்கும். கொன்சோவில் அது 'பிஷா', ப 'பல்' போல. இரண்டும் ஒரே கிழக்குக் குஷிட்டிக் குடும்பம், ஒரே வேர். ஆகவே கேட்டு எழுதும்போது இது எந்தப் ப என்று மண்டையை உடைத்துக்கொள்ளாதீர்கள், ஒரே எழுத்துப் போதும்.

சரி, கஷ்டம் எங்கே என்றால் உள்ளிழுப்பு ஒலிகளில், அதாவது குரல்வளையைக் கீழே இறக்கிச் சொல்லும் ஒலிகளில். கொன்சோவில் நான்கு இருக்கின்றன: உதட்டில் ஒன்று, நுனிநாக்கில் ஒன்று, நடுநாக்கு மேலண்ணத்தைத் தொடும் இடத்தில் ஒன்று, உள்நாக்குப் பக்கத்தில் ஒன்று. நம் எந்த எழுத்தையும் போல இவை இல்லை, சிந்தி மொழி தெரிந்தவர்களுக்கு மட்டும் கொஞ்சம் பரிச்சயமாக இருக்கும். பழக ஒரு வழி சொல்கிறேன். விரலைக் குரல்வளை மேட்டில் லேசாக வையுங்கள். உதட்டை மூடி, 'அன்பு' என்பதில் வருகிற ப-வைத் தொடங்கப்போவது போல உள்ளே முனகுங்கள், அப்படியே ஒரு மிடறு விழுங்கத் தொடங்குவது போலக் குரல்வளையைக் கீழே இறக்கி, உடனே உதட்டைத் திறந்து 'ஆ' என்று விடுங்கள். விரலுக்கு அடியில் அந்த மேடு இறங்கினால் ஒலி வந்துவிட்டது. இன்னும் சந்தேகமா, மெல்லிய காகிதத் துண்டு ஒன்றை வாய்க்கு முன்னால் பிடித்து முதலில் 'பா' என்று அழுத்திச் சொல்லிப் பாருங்கள், காகிதம் வெளியே துள்ளும். உள்ளிழுப்பு ஒலிக்கு அப்படித் துள்ளாது, சும்மா நிற்கும். முதல் நாள் பத்துத் தடவையில் ஒரு தடவைதான் சரியாக வரும், விட்டுவிடாதீர்கள்.

உதட்டில் வந்துவிட்டால் மற்றதெல்லாம் இடமாற்றம்தான். நாக்கு நுனியை மேல்பல் ஈறில் ஒட்டி அதையே செய்யுங்கள், பத்து என்று பொருள்படும் 'குடன்' என்ற சொல்லின் நடுவில் வருவது அதுதான், நாம் 'குடம்' என்று சொல்லும் ட அல்ல. கடைசியாக உள்நாக்குப் பக்கத்து ஒலி. அதற்கு முதலில் சாதாரண க சொல்லி, நாக்கின் அடிப்பகுதி தொடும் இடத்தை இன்னும் பின்னால் தள்ளிக்கொண்டே போய், அங்கேயும் அதே போலக் குரல்வளையை இறக்க வேண்டும். குலத்தலைவரைக் கொன்சோவில் 'போகல்லா' என்பார்கள், அதன் நடு எழுத்து இதுதான்.

அப்புறம் தொண்டைக் கரகரப்பு ஒலி. மக்கள் தங்கள் மொழியை 'அஃபா ஃகொன்சோ' என்கிறார்கள், அஃபா என்றால் வாய், அதுவே மொழிக்கும் பெயர். வெளியார் கொன்சோ என்று எழுதும் அந்த முதல் க உண்மையில் காறுவதற்குச் சற்று முன்பு தொண்டையின் பின்புறத்தில் எழும் உரசல். லத்தீன் எழுத்தில் இதை எக்ஸ் போட்டு எழுதுவதைப் பார்ப்பீர்கள். ஒரோமோ எழுத்துமுறையில் எக்ஸ் என்றால் வேறு ஒலி, வெடித்து வெளியேறும் ஒரு வகை த, எனவே ஒரோமோ தெரிந்த நண்பரிடம் படித்துக்காட்டச் சொன்னால் தவறாகத்தான் வரும். சொல் நடுவில் குரலை வெட்டி நிறுத்தும் ஒலி ஒன்றும் இருக்கிறது. குழந்தை அடுப்பைத் தொடப் போகும்போது 'ஆ-ஆ' என்று தடுப்போமே, அந்த இரண்டு ஆ-வுக்கும் நடுவே ஏற்படும் அடைப்பு.

உயிரொலிகளில் நமக்கு உழைப்பே இல்லை. அ, இ, உ, எ, ஒ என்ற ஐந்து, ஒவ்வொன்றுக்கும் குறிலும் நெடிலும். மெய் இரட்டிப்பதும் அப்படியே: ஒன்று 'தக்கா', இரண்டு 'லக்கி', இந்தக் க்க-வை 'அக்கா' போல நிறுத்திச் சொல்ல வேண்டும். எந்த அசை உயர்ந்து ஒலிக்கிறது என்பதும் இந்த மொழியில் முக்கியம், அதை வழக்கமான எழுத்தில் குறிப்பதில்லை, காதால்தான் பிடிக்க வேண்டும்.

எழுத்துக்கு வருவோம். கொன்சோவை எத்தியோப்பிய எழுத்திலும் எழுதியிருக்கிறார்கள், லத்தீனிலும் எழுதுகிறார்கள். எத்தியோப்பிய எழுத்தில் ஒவ்வொரு மெய்க்கும் ஏழு வடிவம், நம் உயிர்மெய் மாதிரிதான். ஆனால் அந்த ஏழில் குறில் நெடில் பிரிவு இல்லை. நம் புள்ளிக்கு இணையான குறியும் இல்லை, ஆறாம் வடிவமே உயிரில்லாத மெய்யாகவும் வரும், ஒரு குற்றுயிரோடும் வரும். இரட்டிப்பதையும் வழக்கமாகக் காட்டுவதில்லை. நெடிலும் இரட்டிப்பும் இவ்வளவு வேலை செய்கிற மொழிக்கு இது பெரிய இழப்பு என்பது என் கருத்து. லத்தீனில் உயிரை இரண்டு முறை எழுதினால் நெடில், மெய்யை இரண்டு முறை எழுதினால் இரட்டிப்பு, குழப்பமில்லை. கொன்சோ மண்ணிலேயே பிறந்த ஓங்காயே ஓடா 2013-ல் லைடன் பல்கலைக்கழகத்தில் தன் தாய்மொழிக்கு முழு இலக்கணம் எழுதி முனைவர் பட்டம் பெற்றார், ஆழமாகப் போக நினைக்கிறவர்கள் அதைத் தேடிப் படியுங்கள்.

உங்கள் சொந்தக் குறிப்பேட்டுக்குத் தமிழ் எழுத்தே நன்றாக உதவும். உள்ளிழுப்பு ஒலிக்கு எழுத்தின் கீழே ஒரு கோடு, தொண்டை உரசலுக்கு ஃக, ஆங்கில எஃப் ஒலிக்கு ஃப, குரல் வெட்டுக்கு மேலே ஒரு சிறு காற்புள்ளி, உயரும் அசைக்கு மேல் சாய்கோடு. நான்கு என்ற 'அஃபுர்', பத்து என்ற 'குடன்' இரண்டையும் முதல் பக்கத்தில் எழுதுங்கள், குடனில் ட-வின் கீழே கோடு. எண்களிலிருந்து தொடங்குவது நல்லது, ஏனென்றால் சந்தையில் கேட்டால் யாரும் திரும்பத் திரும்பச் சொல்லித்தருவார்கள், ஒரே சொல்லை மூன்று பேர் வாயிலிருந்து கேட்ட பிறகு கோட்டை மையால் போடுங்கள், அதுவரை பென்சில் போதும்.