தடுப்பூசிக்குப் பிந்தைய பக்கவிளைவுகளை அவசர சிகிச்சைப் பதிவுகளைக் கொண்டு கண்காணிக்கும் முறை

எந்தப் பக்கவிளைவை, ஊசி போட்ட எத்தனையாவது நாளில் தேடப்போகிறோம் என்பதைத் தரவைத் திறப்பதற்கு முன்பே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். அனாஃபிலாக்சிஸ் எனும் கடும் ஒவ்வாமை பெரும்பாலும் சில நிமிடங்களிலேயே தெரிந்துவிடும், எம்.எம்.ஆர். (தட்டம்மை, புட்டாளம்மை, ரூபெல்லா தடுப்பூசி) முதல் தவணைக்குப் பின் சில குழந்தைகளுக்கு வரும் காய்ச்சல் வலிப்போ, ஊசியிலுள்ள வலுக்குறைந்த தட்டம்மை வைரஸ் உடலில் பெருகிய பிறகே, ஏறத்தாழ 7 முதல் 10 நாள்களில் வருகிறது. எண்ணிக்கையைப் பார்த்துவிட்டு நாள்களைத் தேர்ந்தெடுத்தால், தற்செயலான ஏற்றம்கூட ஊசியின் விளைவாகத் தோன்றும்.

அடுத்து, அவசரப் பிரிவின் பதிவையும் தடுப்பூசிப் பதிவேட்டையும் நோயாளியின் அடையாள எண்ணால் இணையுங்கள். நோய்க் குறியீடுகள் (கண்டறிந்த நோய்க்குப் பதிவில் இடும் குறிகள்) வந்துசேர நாளாகும். நோயாளி வந்ததும் செவிலியர் எழுதும் குறிப்பு அன்றே கிடைக்கும். ஆனால் 'தடுப்பூசி' என்ற சொல்லைத் தேடினால், '2 நாளாகக் காய்ச்சல், தடுப்பூசி எதுவும் போடவில்லை' என்பதும் கணக்கில் ஏறிவிடும். எதிர்மறைச் சொற்களை விலக்கும் விதியை எழுதிய பிறகும், நூறு குறிப்புகளையாவது கண்ணால் படித்துப் பார்ப்பது நல்லது.

ஒப்பீட்டில்தான் பலரும் சறுக்குகிறார்கள். ஊசி போட்டவர்களும் போடாதவர்களும் உடல்நிலையிலும் மருத்துவமனையை நாடும் பழக்கத்திலும் வேறுபடுவதால், ஒவ்வொருவரையும் அவருடைய வேறு நாள்களோடு ஒப்பிடுவதே நம்பகமானது. உதாரணத்துக்கு, எதிர்பார்த்த 8 நாள்களில் 16 வருகைகள், பிந்தைய 24 நாள்களில் 24 வருகைகள் என்றால், நாளொன்றுக்கு 2-க்கு 1, அதாவது இருமடங்கு. ஊசிக்கு முந்தைய நாள்களை ஒப்பீட்டுக்கு எடுக்க வேண்டாம். காய்ச்சல் கண்ட குழந்தைக்கு ஊசியைத் தள்ளிப்போடுவார்கள் என்பதால், அந்நாள்களின் எண்ணிக்கை இயல்பைவிடக் குறைந்திருக்கும்.

ஊசி போட்ட அதே நாளைத் தனியே பிரித்துப் பாருங்கள். ஆணி குத்தி வந்தவருக்கு அவசரப் பிரிவிலேயே டெட்டனஸ் ஊசி போட்டிருப்பார்கள்; வருகை முந்தியது, ஊசி பிந்தியது. நேரத்தைப் பார்க்காத கணினி இதையும் பக்கவிளைவாக எண்ணும் (எளிய தவறுதான், ஆனால் முழு அறிக்கையையும் கெடுக்க வல்லது).

ஏற்றம் தென்பட்டால் அது ஐயம் மட்டுமே. நோயாளிகளின் கோப்புகளை எடுத்து, நோய் உறுதியானதா, வேறு காரணம் உண்டா என்று மருத்துவர் ஒருவர் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் 1998-இல் அனுமதி பெற்ற ரோட்டாஷீல்டு எனும் ரோட்டாவைரஸ் வயிற்றுப்போக்குத் தடுப்பு மருந்து, குடல் செருகல் (குடலின் ஒரு பகுதி அடுத்த பகுதிக்குள் நுழைந்துகொள்வது) காரணமாக 1999-இல் திரும்பப் பெறப்பட்டபோது, அந்நோய் முதல் தவணைக்குப் பிந்தைய 3 முதல் 14 நாள்களில் குவிந்திருந்ததே வலுவான தடயமாயிற்று. எனவே மொத்த எண்ணிக்கையோடு நிறுத்தாமல், வருகைகளை நாள்வாரியாக வரைந்து, எந்த நாள்களில் குவிகின்றன என்பதையும் அறிக்கையில் சேர்த்து அனுப்புங்கள்.