ஹார்ட் அட்டாக்குக்கு அப்பால என்ன சிக்கல் வரும்? முதல் தடவை மாடல் போடுறவங்களுக்கு

எங்க சித்தப்பாவ குடியாத்தத்துலேர்ந்து ராத்திரி ரெண்டு மணிக்கு பள்ளிகொண்டா வழியா வேலூருக்கு இட்டுனு வந்தோம். ஐசியு வாசல்ல டாக்டர் சொன்னது ஒண்ணே ஒண்ணு, "72 மணி நேரம் தாண்டட்டும்மா". அந்த 72 மணி நேரத்துல என்னதான் பாக்குறாங்கன்னு தேடப் போய்தான், பழைய நோயாளிங்க டேட்டாவ வெச்சு யாருக்கு ஆபத்துன்னு கணிக்கிற கம்ப்யூட்டர் மாடல் போட கத்துக்கினேன். பைத்தான் ப்ரோக்ராமிங், அதுல டேபிள் டேட்டாவ கையாள்ற பாண்டாஸ் லைப்ரரி கொஞ்சம் தெரிஞ்சா போதும், நீங்களும் செய்யலாம்.

மொதல்ல டேட்டா. யுசிஐ மெஷின் லேர்னிங் ரெப்போசிட்டரின்னு ஆன்லைன்ல டேட்டா வெச்சிருக்கிற தளத்துல மாரடைப்பு சிக்கல்கள் பத்தின டேட்டாசெட் இலவசமா கெடைக்கும். ரஷ்யால க்ராஸ்னோயார்ஸ்க் ஊர் ஆஸ்பத்திரில 1992லேர்ந்து 1995 வரைக்கும் எடுத்தது, 1700 நோயாளிங்க, 124 காலம் (நேரம் இல்ல, டேபிள்ல மேலேர்ந்து கீழ வர்ற column). ஒண்ணாவது காலம் ஐடி, 2லேர்ந்து 112 வரைக்கும் நோயாளி பத்தின தகவல், கடைசி 12 காலம் வந்த சிக்கல்ங்க. நுரையீரல்ல நீர் கோத்துக்கிறது, இதயத் துடிப்பு தாறுமாறாப் போறது, இதய செயலிழப்பு எல்லாம் அதுலதான் வரும். நாம கணிக்கப் போறது கடைசி, 124ஆவது காலத்த, அதாவது இறப்ப; மாடலுக்கு குடுக்கறது 2லேர்ந்து 112 வரைக்கும் இருக்கிறதுலேர்ந்துதான். அதுல 0ன்னா உயிரோட இருக்காங்க, 1லேர்ந்து 7 வரைக்கும் இறந்ததுக்கான காரணம், அதனால 0 தவிர எல்லாத்தையும் 1ஆ மாத்திடுங்க.

அடுத்தது காலி இடங்கள். ஒவ்வொரு காலத்துலயும் எத்தன காலின்னு எண்ணிப் பாருங்க. சிபிகே (CPK, ரத்தத்துல பாக்குற ஒரு என்சைம்) பரிசோதனை காலத்துல 1700ல 1696 பேருக்கு காலி, நாலே நாலு பேருக்குதான் மதிப்பு இருக்கு, அத தூக்கிடுங்க. மத்ததுக்கு மீடியன் (வரிசைப்படுத்தினா நடுவுல வர்ற மதிப்பு) போட்டு நெரப்பலாம், ஆனா டேட்டாவ மாடல் கத்துக்கிற ட்ரெயின் பக்கம், சோதிக்கிற டெஸ்ட் பக்கம்னு பிரிச்சதுக்கு அப்புறம், ட்ரெயின் பக்கத்து மீடியன மட்டும் வெச்சு.

இப்ப சொல்றதுதான் இதுல முக்கியம், தயவுசெஞ்சு நிதானமா படிங்க. நோயாளி வந்து படுத்த உடனே கணிக்கணும்னா அந்த நேரத்துல டாக்டருக்கு தெரிஞ்சது மட்டும்தான் மாடலுக்கும் தெரியணும். இந்த டேட்டால மூணாம் நாள் திரும்ப வலி வந்துச்சா, ஐசியுல மூணாம் நாள் வலி மருந்து குடுத்தாங்களான்னுகூட காலம் இருக்கு, ஒருத்தர் மொத நாளே இறந்துட்டா அவருக்கு மூணாம் நாள் ஏது? அத உள்ள விட்டா மாடல் விடைய பாத்துட்டு பரிட்சை எழுதுற மாதிரி ஆயிடும். அதனால 93, 94, 95 அப்புறம் 100லேர்ந்து 105 வரைக்கும் மொத்தம் ஒம்போது காலத்த எடுத்துடுங்க. இது எதையும் தூக்காத முழு டேபிள்ல 1லேர்ந்து எண்ணுன நம்பர், பாண்டாஸ் 0லேர்ந்து எண்ணும், ஒண்ணு கம்மி பண்ணிக்குங்க. நான் இங்கதான் தப்பு பண்ணி ஒரு ராத்திரி பூரா தப்பான காலத்த தூக்கினு இருந்தேன்.

அப்பால ட்ரெயினுக்கு 80, டெஸ்ட்டுக்கு 20 சதவீதம்னு பிரிங்க, ஸ்ட்ராட்டிஃபை (இறந்தவங்க விகிதம் ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி வர்ற செட்டிங்) குடுக்க மறந்துடாதீங்க. 340 பேர் டெஸ்ட்டுக்கு வருவாங்க, அதுல 54 பேர் இறந்தவங்க. எண்கள ஸ்டாண்டர்ட் ஸ்கேல் பண்ணிட்டு, அதாவது எல்லாத்தையும் ஒரே அளவுகோலுக்கு கொண்டு வந்துட்டு, லாஜிஸ்டிக் ரெக்ரஷன் (ஆபத்த 0லேர்ந்து 1க்குள்ள சொல்ற எளிய மாடல்) போடுங்க, ஆரம்பத்துக்கு அதுவே தாராளம், எந்தக் காரணம் ஆபத்த ஏத்துதுன்னு கோஎஃபிஷியன்ட்ல (ஒவ்வொரு காலத்துக்கும் மாடல் குடுக்கிற எடை) கண்ணால பாக்கலாம்.

ரிசல்ட்டுல அக்யூரசிய, அதாவது நூத்துக்கு எத்தன சரியா சொல்லுதுங்கறத, நம்பாதீங்க. 1700ல 1429 பேர் பொழச்சவங்க, "எல்லாரும் பொழச்சுக்குவாங்க"ன்னு கண்ண மூடினு சொல்ற மாடலுக்கும் 84 சதவீதம் வரும், ஆனா இறந்த 271 பேர்ல ஒருத்தரையும் புடிச்சிருக்காது. அதனால ரீகால் (இறந்தவங்கள்ல எத்தன பேர மாடல் புடிச்சுது) பாருங்க, ஏயுசி (இறந்தவங்கள பொழச்சவங்கள விட மேல வரிசைப்படுத்துதான்னு சொல்ற மதிப்பெண்) பாருங்க, இத்தனைக்கு மேலன்னா ஆபத்துன்னு 0.5க்கு பதிலா 0.2ல கோடு போட்டா அந்த 54 பேர்ல எத்தன பேர் கூடுதலா மாட்டுறாங்க, எத்தன பேருக்கு வீணா அலாரம் அடிக்குதுன்னு எழுதி வெச்சு ஒப்பிடுங்க. கேலிபரேஷனும் பாக்கணும், அதாவது மாடல் 30 சதவீத ஆபத்துன்னு சொன்ன கூட்டத்துல நெசமாவே பத்துல மூணு பேருக்கு ஆச்சான்னு.

இத வெச்சு நம்ம வீட்டு ஆளுக்கு எதுவும் கணிக்காதீங்க. அது முப்பது வருஷத்துக்கு முந்தின ரஷ்ய ஆஸ்பத்திரி, இன்னைக்கு வேலூர்ல ஆஞ்சியோ பண்ணி ஸ்டென்ட் வெச்சுடுறாங்க, சுகர் இருக்கிற நம்ம ஊர் ஒடம்பும் வேற. இங்க ஓடணும்னா இங்கத்து நோயாளிங்க ரெக்கார்டுல, ஆஸ்பத்திரி எத்திக்ஸ் கமிட்டி அனுமதியோட, திரும்பவும் மொதல்லேர்ந்து சரிபாக்கணும்.