பிள்ளைகளோடு மலையகம்: எதற்குப் போவது, எதை விடுவது

ஸ்கூல் லீவு தொடங்கினால் போதும், யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, கொழும்பு என்று எல்லாப் பக்கமிருந்தும் சொந்தக்காரர்கள் மலையகத்தில் இருக்கிற எங்களிடம் கேட்பது ஒன்றுதான்: பிள்ளைகளோடு வருகிறோம், எங்கெங்கே போகலாம்? கூடவே ஒரு பட்டியலும் வரும். முதல் நாள் கண்டி, தலதா மாளிகை, பேராதனை. இரண்டாம் நாள் ரம்பொடை, நுவரெலியா. மூன்றாம் நாள் விடியப்புறம் ஹோர்ட்டன் சமவெளியின் உலக முடிவு, பின்னேரம் எல்ல. நாலாம் நாள் வீடு. இதில் பாதியை வெட்டிவிடுங்கள் என்பதுதான் என் முதல் பதில். சிலருக்கு அது பிடிக்காது, இவ்வளவு தூரம் வந்து பார்க்காமல் போவதா என்பார்கள். ஆனால் அந்தப் பட்டியலில் போகிற பிள்ளை பார்ப்பது முன்சீட்டின் முதுகைத்தான்.

மலையகத்தில் தூரத்தைக் கிலோமீட்டரில் கணக்குப் போடவே கூடாது. கண்டியிலிருந்து நுவரெலியா 80 கிலோமீட்டருக்குள்தான், ஆனால் வேனில் இரண்டரை முதல் மூன்று மணித்தியாலம் ஆகும். கம்பளை, புசல்லாவை, ரம்பொடை என்று ஏற ஏற வளைவுதான், சமவெளியில் வளர்ந்த பிள்ளைக்கு அந்த வளைவுகள் வயிற்றைப் புரட்டும். நுவரெலியாவிலிருந்து எல்ல ஏறக்குறைய 55 கிலோமீட்டர், அதற்கும் இரண்டு மணித்தியாலம் வையுங்கள். நான் சொல்லும் அளவு இதுதான்: சின்னப் பிள்ளைகள் இருந்தால் ஒரு நாளில் வேனுக்குள் இருக்கும் நேரம் மூன்று மணித்தியாலத்தைத் தாண்டக்கூடாது. வீட்டிலிருந்து வருகிற நாளும் திரும்புகிற நாளும் இதில் சேராது, அவற்றில் வேறொன்றையும் வைக்கவும் கூடாது. வெளிக்கிட முன் வயிறு முட்டச் சாப்பாடு கொடுக்காதீர்கள், பிஸ்கட்டும் தண்ணீரும் போதும். முகர்ந்து பார்க்க ஒரு தேசிக்காயும் கைக்கெட்டும் இடத்தில் ஷொப்பிங் பையும் இருக்கட்டும்.

இடத்தைத் தெரிவு செய்யும்போது ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: அங்கே போனபின் பிள்ளை என்ன செய்யும்? என்ன பார்க்கும் என்பதல்ல. பள்ளத்தாக்கும் மஞ்சும் பெரியவர்களுக்கானவை, ஆறு வயதுப் பிள்ளைக்கு அதைப் பார்க்க அரை நிமிடம் போதும், அப்புறம் அது பசிக்கிறது என்று சொல்லும். ஓட, தொட, ஏற, எண்ண, எதற்காவது தீனி போட வழி இருக்கிற இடத்தில்தான் பிள்ளை தங்கும்.

உலக முடிவையே எடுத்துக்கொள்வோம். ஹோர்ட்டன் சமவெளியில் அந்தச் சுற்றுப்பாதை கிட்டத்தட்ட ஒன்பது கிலோமீட்டர், நடக்க மூன்று நான்கு மணித்தியாலம். ஒன்பது, பத்து மணிக்கெல்லாம் மஞ்சு மேலேறி எல்லாவற்றையும் மூடிவிடுவதால் நுவரெலியாவிலிருந்து ஐந்து மணிக்கே புறப்பட வேண்டும், அந்த நேரத்துக் குளிர் கடுமையானது, ஜனவரி பெப்ரவரியில் புல்லின் மேல் உறைபனியே விழும். போய்ச் சேர்ந்தால் ஏறக்குறைய 870 மீட்டர் செங்குத்தான பள்ளம், பிள்ளையின் கையை ஒரு கணமும் விட முடியாது. பத்து வயதுக்கு மேல், நடக்கப் பிரியப்படுகிற பிள்ளை என்றால் கட்டாயம் கூட்டிப் போங்கள், வழியில் நிற்கும் மரைகளையும் புல்வெளியையும் அது மறக்காது. அதற்குக் கீழே என்றால் விடுங்கள். நாலு வயதைத் தோளில் சுமந்துகொண்டு ஒன்பது கிலோமீட்டர் நடக்கிற அப்பாக்களைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது, அவர்களும் அந்த இடத்தை ரசிக்கவில்லை, பிள்ளையும் ரசிக்கவில்லை. போகிறவர்கள் தண்ணீர்ப் போத்தலின் லேபல், பொலித்தீன் எல்லாம் வாசலில் கழற்றப்படும் என்று தெரிந்துகொண்டு போங்கள், சாப்பாட்டை டப்பாவில் கட்டுவது நல்லது.

அதே பக்கத்தில் அம்பேவெலப் பால் பண்ணை இருக்கிறது. மாடு, ஆடு, முயல், பால் கறக்கும் இடம், அங்கேயே விற்கும் பாலும் யோகட்டும். பெரியவர்கள் ஒரு மணித்தியாலத்தில் அலுத்துப்போவார்கள், பிள்ளைகளை இழுத்துக்கொண்டுதான் வர வேண்டியிருக்கும். ஐந்து வயதுப் பிள்ளை உள்ள குடும்பத்துக்கு நான் உலக முடிவைச் சொல்லமாட்டேன், அம்பேவெலவைச் சொல்வேன்.

இப்படித்தான் ஹக்கலைப் பூங்காவும். நுவரெலியாவிலிருந்து பதுளை ரோட்டில், சீதா எலிய கோயிலைத் தாண்டிக் கொஞ்ச தூரம். கோயிலை ஒட்டி ஓடும் ஓடை, பாறையில் அனுமன் பாதம் என்று காட்டும் குழிகள், கதை தெரிந்த பிள்ளைக்கு இது பெரிய விஷயம், அதனால் முதல் நாள் இரவே இராமாயணத்தில் சீதையைச் சிறை வைத்த பகுதியைச் சொல்லி வையுங்கள். ஹக்கலைப் பூங்கா 1861இல் காய்ச்சல் மருந்துக்கான சின்கோனா மரம் வளர்த்துப் பார்க்கத் தொடங்கிய இடம், இப்போது ரோசாவும் பன்னமும் பெரிய புல்தரையும். குரங்குகள் உண்டு, பிள்ளையின் கையில் சாப்பாட்டைக் கொடுத்துவிட்டு விலகி நிற்காதீர்கள். கோயிலும் பூங்காவும் சேர்ந்து அரை நாள். மிச்ச நேரத்துக்கு நுவரெலியா டவுனில் விக்டோரியா பூங்காவோ கிரகரி ஏரிக்கரையோ போதும், ஏரியில் போட் ஓடுவதென்றால் பிள்ளைக்கு லைஃப் ஜக்கெட் இல்லாமல் ஏறாதீர்கள்.

கைக்குழந்தை, தள்ளுவண்டி, முழங்கால் வலிக்கும் அம்மம்மா எல்லாரும் சேர்ந்த குடும்பமென்றால் பேராதனைப் பூங்காவை விடச் சிறந்த இடம் இந்தப் பக்கமே இல்லை. மகாவலி கங்கை சுற்றி வளைத்த நிலம், பெரும்பாலும் சமதரை, கிளைகளைத் தரையோடு பரப்பி நிற்கும் பெரிய அத்தி, மரங்களில் கும்பலாகத் தொங்கும் பழந்தின்னி வௌவால்கள். முழு நாளையும் அதற்கே கொடுங்கள்.

ரயில். மலையகத்தில் பிள்ளைகளுக்கு ஒன்றே ஒன்றுதான் காட்டலாம் என்றால் எங்கள் கோச்சிப் பயணத்தைத்தான் சொல்வேன். ஆனால் கொழும்பிலிருந்து பதுளை வரை ஒன்பது பத்து மணித்தியாலம் இருத்தி வைக்காதீர்கள், மூன்றாவது மணித்தியாலத்திலேயே எந்தப் பிள்ளையும் சோர்ந்துவிடும். ஒரு துண்டைத் தெரிவு செய்யுங்கள். ஹட்டனில் ஏறி நானுஓயாவில் இறங்கினால், ஏறினவுடனேயே சிங்கமலைச் சுரங்கம், முழு இருட்டு, பெட்டி முழுக்கப் பிள்ளைகளின் கூச்சல், அப்புறம் கொட்டகலை, தலவாக்கலைப் பக்கம் நீர்வீழ்ச்சிகளும் தேயிலை மலைகளும். இல்லாவிட்டால் பண்டாரவளையில் ஏறி எல்ல தாண்டித் தெமோதர வரை. 1921இல் இரும்புச் சட்டம் இல்லாமல் கல்லாலும் செங்கல்லாலும் கட்டிய ஒன்பது வளைவுப் பாலத்தின் மேலேயே போவீர்கள், தெமோதரவிலோ பாதை ஒரு வட்டமடித்து, தான் நின்ற ஸ்டேஷனுக்கே அடியில் சுரங்கமாகப் போகிறது. இதைத் தாளில் கோடு போட்டுக் காட்டிவிட்டுக் கூட்டிப் போனால் பெரிய பிள்ளைகள் ஜன்னலை விட்டு நகரவே மாட்டார்கள். வேனை முன்னால் அனுப்பி இறங்கும் ஸ்டேஷனில் நிற்கச் சொல்லுங்கள். ரிசர்வ் சீட் சீக்கிரம் முடிந்துவிடும், ஒரு மாதம் முன்பே பாருங்கள். 2025 நவம்பரில் டித்வா புயல் வந்தபோது இந்தப் பாதை பல இடங்களில் உடைந்தது, ஆகவே எந்தப் பகுதிக்கு ரயில் ஓடுகிறது என்று ஸ்டேஷனில் கேட்டுவிட்டே திட்டம் போடுங்கள்.

வாசலில் தொங்கிப் படம் எடுப்பதைப் பிள்ளைகளுக்கு முன்னால் நீங்கள் செய்யவே வேண்டாம். அப்படித் தொங்கி அடிபட்டுச் செத்தவர்கள் இருக்கிறார்கள். பாலத்தின் மேல் தண்டவாளத்தில் பிள்ளையை நிறுத்திப் படம் எடுப்பதும் அப்படித்தான்.

அடுத்தது தேயிலை. எல்லாரும் தேயிலைச் செடிக்குள் நின்று படம் எடுக்கிறார்கள், தொழிற்சாலைக்குள் போகிறவர்கள் குறைவு. நுவரெலியாவுக்குக் கிட்ட பெட்ரோ, ரம்பொடை ரோட்டில் லபுக்கலை, அப்புத்தளையில் தேயிலை வியாபாரி லிப்டன் 1890இல் கட்டிய தம்பேதென்னை என்று, பார்க்க விடுகிற தொழிற்சாலைகள் பல இருக்கின்றன. பச்சைக் கொழுந்தை வாட்டுவது, உருட்டி நசிப்பது, நிறம் மாற விடுவது, காய வைப்பது, சலித்துத் தரம் பிரிப்பது எல்லாம் ஒரே கட்டடத்துக்குள், ஒவ்வொரு இடத்திலும் வேறு மணம். நாலு கிலோவுக்கு மேல் பச்சைக் கொழுந்து போனால்தான் ஒரு கிலோ தேயிலை வரும் என்று சொன்னால் பிள்ளை உடனே கணக்குப் போடத் தொடங்கும். தோட்டத்தில் கொழுந்து எடுக்காத ஞாயிறையும் போயா எனும் பௌர்ணமி விடுமுறையையும் தவிர்த்துப் போங்கள், இயந்திரம் நின்றிருந்தால் பார்க்க ஒன்றுமில்லை.

அந்தக் கொழுந்தை எடுக்கிறவர்கள் யார் என்றும் பிள்ளைக்குச் சொல்லுங்கள், இதை நான் கேட்டுக்கொள்ளவே செய்கிறேன். முதலில் கோப்பிக்காகத் தமிழ்நாட்டிலிருந்து வந்து, மன்னாரில் இறங்கிக் காட்டு வழியே மாத்தளைக்கு நடந்த சனம், கோப்பி நோய் விழுந்து அழிந்தபின் தேயிலையை வளர்த்த சனம். 2023இல் இருநூறு வருட நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மறுபடியும் நடந்தார்கள். இன்னும் பல குடும்பங்கள் லயம் எனும் தோட்டத்து வரிசை வீட்டு அறைகளில்தான் இருக்கின்றன. கொழுந்து எடுக்கும் அம்மாக்களைப் படம் எடுக்க முன், "அக்கா, ஒரு படம் எடுக்கலாமா?" என்று பிள்ளையையே கேட்க வையுங்கள். அவர்கள் பேசுவார்கள், கூடையைத் தொட்டுப் பார்க்க விடுவார்கள். லயத்துப் பிள்ளைகளைக் கூப்பிட்டு டொஃபி வீசுகிற பழக்கத்தை மட்டும் செய்யாதீர்கள், அவர்களும் உங்கள் பிள்ளை மாதிரி ஸ்கூலுக்குப் போகிற பிள்ளைகள்.

சிவனொளிபாத மலையைப் பற்றியும் கேட்பார்கள். மார்கழிப் போயாவிலிருந்து வெசாக் வரைதான் சீசன், 5,000க்கும் மேற்பட்ட படி, இரவில் ஏற்றம், மேலே காற்று. சின்னதுகள் உள்ள வீட்டுக்கு அடிவாரத்து நல்லதண்ணியோடு நிறுத்துவதே சரி. வருகிற வழியில் மவுசாக்கலை நீர்த்தேக்கம் இருக்கிறது, பழைய மஸ்கெலியா டவுன் அந்தத் தண்ணீருக்கடியில்தான், வறட்சிக் காலத்தில் நீர் இறங்கினால் பழைய கோயில் வெளியே தெரியும்.

நீர்வீழ்ச்சி விஷயத்தில் நான் கடுமையாகவே சொல்வேன்: பார்ப்பதற்கு மட்டும். டெவன், சென்கிளயர் இரண்டையும் ரோட்டிலிருந்தே பார்க்கலாம். பதுளைத் துன்ஹிந்தவுக்குக் கொஞ்சம் நடக்க வேண்டும், பெரிய பிள்ளைகளுக்கு அது நல்ல நடை. எல்லவுக்குக் கிட்ட ராவணா எல்ல ரோட்டோரமாகவே இருப்பதால் எல்லாரும் இறங்கிக் குளிக்கப் பார்க்கிறார்கள், பாறை வழுக்கும், அடியில் ஆழம் தெரியாது, அங்கே உயிர் போயிருக்கிறது. நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடித்தாலும் மேலே மலையில் மழை பெய்தால் தண்ணீர் திடீரென்று ஏறும். நீர் கலங்கத் தொடங்கினாலோ சருகும் குச்சியும் மிதந்து வந்தாலோ கேள்வி கேட்காமல் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கரையேறுங்கள்.

எந்த லீவு என்பதை வைத்துப் பக்கத்தைத் தெரிவு செய்யுங்கள். ஓகஸ்ட் லீவில் தென்மேல் பருவமழை ஹட்டன், நுவரெலியாப் பக்கத்தை நனைத்துக்கொண்டிருக்கும், மலைக்கு அந்தப் பக்கம் பண்டாரவளை, அப்புத்தளை, எல்ல பெரும்பாலும் காய்ந்திருக்கும். டிசம்பரில் வடகீழ் மழை, பண்டாரவளை, எல்ல இருக்கிற ஊவாப் பக்கத்துக்குத்தான் கூட. ஏப்ரலில் நுவரெலியா சீசன், பூக்கண்காட்சி, குதிரைப் பந்தயம், சனம் நெரியும், அறை வாடகை ஏறும், டவுனுக்குள் வேன் ஊரும். பிள்ளைகளோடு ஏப்ரலில் அங்கே தங்குவதை நான் விரும்பவில்லை, பண்டாரவளையில் தங்கிவிட்டு ஒரு நாள் வந்து போங்கள். நுவரெலியா 1,868 மீட்டர், பண்டாரவளை 1,200 அளவில், இழுப்பும் நெஞ்சுச் சளியும் உள்ள பிள்ளைக்கு அந்த வித்தியாசம் இரவில் தெரியும். மழை விடாமல் பெய்தால் மண்சரிவு எச்சரிக்கையைப் பாருங்கள், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மாவட்டம், பிரதேச செயலகம் வாரியாக மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று வெளியிடும். அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117, அம்புலன்ஸ் 1990. சிவப்பு என்றால் கட்டின காசு போனாலும் வராதீர்கள்.

வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு ஒன்று: ஹோர்ட்டன் சமவெளி, பேராதனை, ஹக்கலை எல்லாவற்றிலும் வெளிநாட்டுக்காரருக்கான நுழைவுக் கட்டணம் வேறு, பல மடங்கு கூட, பெரிய குடும்பத்துக்கு அது நாள் செலவையே மாற்றிவிடும். எல்லாருக்கும் பொதுவானது: டொய்லட் உள்ள சாப்பாட்டுக் கடையைக் கண்டால் தேவையில்லாவிட்டாலும் நிறுத்துங்கள், அடுத்தது எப்போது வருமென்று சொல்ல முடியாது. மழைக்குப் பிறகு புல்லில் இறங்கினால் அட்டை ஏறும், காலிலும் சொக்ஸிலும் சவர்க்காரம் தேய்த்துவிட்டால் பெரும்பாலும் கிட்ட வராது, ஏறினாலும் கொஞ்சம் உப்புப் போதும்.

மூன்று இரவு கைவசம் இருந்து, எட்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் என்றால் நான் சொல்வது இது: மூன்று இரவும் பண்டாரவளையில் ஒரே அறை. ஒரு நாள் தெமோதர வரை ரயில், திரும்பி வந்து மத்தியானம் நித்திரை. ஒரு நாள் தம்பேதென்னைத் தொழிற்சாலை, காலையிலேயே போனால் மஞ்சு ஏற முன் ஆட்டோவில் லிப்டன் சீட் என்ற மலைக்காட்சி முனை வரையும் போய் வரலாம். அம்பேவெலவும் ஹக்கலையும் வேண்டுமென்றால் இன்னொரு இரவு கூட்டுங்கள், இந்த இரண்டு நாளுக்குள் திணிக்காதீர்கள். யாழ்ப்பாணம் போகிறவர்கள் திரும்பும் நாளில் காலை ஆறு மணிக்கே வேனை எடுத்துவிடுங்கள், அப்போதுதான் இருட்ட முன் வவுனியாவைத் தாண்டலாம்.