டூம்ஸ்டோன் மலைகளுக்குப் புகைப்படக் குழுவை அழைத்துச் செல்வது எப்படி?

கனடாவின் யூகான் பிரதேசத்தில், டாசன் ஊருக்குக் கிழக்கே சுமார் 40 கிலோமீட்டரில் ஒரு சரளைச் சாலை வடக்கு நோக்கிப் பிரிகிறது. அதுதான் டெம்ப்ஸ்டர் நெடுஞ்சாலை. 1979-இல் திறக்கப்பட்ட இந்தச் சாலை, ஆர்க்டிக் வட்டத்தைக் கடந்து 730 கிலோமீட்டருக்கு மேல் ஓடி இனுவிக் ஊரை அடைகிறது. அது ஊடறுத்துச் செல்லும் டூம்ஸ்டோன் பூங்காவில் ஏறத்தாழ 2,200 சதுர கிலோமீட்டர் பரப்புக்குக் கூரிய கரும்பாறைச் சிகரங்களும் மரமில்லாத தூந்திர வெளியும் விரிந்து கிடக்கின்றன.

நிலக்காட்சிப் படம் எடுக்கும் நண்பர்கள் ஐந்தாறு பேரை இங்கே அழைத்துவர ஆசைப்பட்டு, எங்கே தொடங்குவது என்று தெரியாமல் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். தனியாகப் போய் நல்ல படம் எடுப்பது ஒரு திறமை, குழுவை நடத்துவது வேறு திறமை. இங்கே தலைவரின் வேலை பெரும்பாலும் நேரத்தைப் பங்கிடுவதுதான். இடங்களைக் குறையுங்கள், ஒவ்வோர் இடத்திலும் அதிக நேரம் இருங்கள். கீழே சொல்வது எல்லாமே இதிலிருந்து வருகிறது.

படி 1: வாரத்தை முடிவு செய்யுங்கள்

ஆகஸ்ட் கடைசி வாரத்திலிருந்து செப்டம்பர் முதல் வாரம் வரை. அப்போதுதான் குட்டை பிர்ச் புதர்கள் செம்பு நிறத்துக்கும், வில்லோ மஞ்சளுக்கும், தரையோடு படரும் பேர்பெரி இலைகள் ரத்தச் சிவப்புக்கும் மாறுகின்றன. கொசுத்தொல்லை பெரும்பாலும் ஓய்ந்திருக்கும். இரவும் அரோரா (துருவ வானில் அலையும் வண்ண ஒளி) தெரியும் அளவுக்கு இருட்டத் தொடங்கியிருக்கும்.

வெளிச்சக் கணக்கு நம் ஊர்க் கணக்கு அல்ல. செப்டம்பர் 1 வாக்கில் சூரியன் காலை ஏழு மணியளவில் உதித்து, இரவு ஒன்பதரை மணியளவில் மறைகிறது. நண்பகலிலும் அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 34 டிகிரி உயரத்துக்கு மேல் ஏறுவதில்லை. மறையும்போது மணிக்கு ஆறு டிகிரி அளவில்தான் இறங்குகிறது. சென்னையில் அதே நேரத்தில் பதினான்கு டிகிரிக்கு மேல் இறங்கிவிடும். அதனால் பொன்னிற வெளிச்சம் ஒரு மணி நேரம் வரை நீள்கிறது, அதன் பிறகு வரும் அந்தி வெளிச்சமும் ஏறக்குறைய அதே அளவு நீள்கிறது. புதிதாக வருபவர்கள் சூரியன் மறைந்ததும் டிரைபாடை மடக்கத் தொடங்குவார்கள். அவர்களைத் தடுத்து நிறுத்துங்கள். நல்ல படங்கள் அதன் பிறகுதான் கிடைக்கின்றன. இந்த வாரங்களில் பகல் தினமும் ஆறேழு நிமிடம் சுருங்குகிறது என்பதையும் நேர அட்டவணையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நிறத்துக்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது. ஒரே இரவுப் பனியும் காற்றும் இலைகளை உதிர்த்துவிடும். இதைப் பணம் கட்டும் முன்பே எல்லோரிடமும் சொல்லிவிட வேண்டும்.

படி 2: ஆட்களோடு பேசுங்கள்

முதல்முறை என்றால் உங்களோடு சேர்த்து ஆறு பேர், இரண்டு வண்டிகள் போதும். ஒருவர் ஒருவராகத் தொலைபேசியில் பேசுங்கள். எவ்வளவு தூரம் சுமையோடு நடக்க முடியும், எந்த மருந்து சாப்பிடுகிறார், குளிரில் கூடாரத்தில் தூங்கிய பழக்கம் உண்டா என்று கேளுங்கள். பிறகு, எந்தப் படத்துக்காக வருகிறார் என்று கேளுங்கள். ஒருவருக்கு அரோரா வேண்டும், இன்னொருவருக்குக் கரிபூ மான்கள் வேண்டும், மூன்றாமவருக்கு ஆர்க்டிக் வட்டப் பலகையின் முன்னால் நிற்க வேண்டும். இந்த ஆசைகளை முன்கூட்டியே அறிந்தால்தான் எது நடக்கும், எது நடக்காது என்று நேர்மையாகச் சொல்லிவிடலாம்.

செலவைச் சமமாகப் பகிரும் நண்பர் குழு வேறு, கட்டணம் வாங்கி நடத்தும் பயணம் வேறு. கட்டணம் வாங்கி வழிகாட்டினால் யூகானின் வனச்சுற்றுலா உரிமச் சட்டம் உங்களுக்குப் பொருந்தும். உரிமம், காப்பீடு, முதலுதவிப் பயிற்சி எல்லாம் தேவை. பூங்காவின் அனுமதியையும் தனியாகக் கேட்க வேண்டும்.

படி 3: ஒரே முகாமில் தங்குங்கள்

வரைபடத்தைப் பார்த்ததும் யாருக்கும் இனுவிக் வரை போய்விடலாம் என்று தோன்றும். வேண்டாம். பூங்காவின் முகாம் மைதானமும் தகவல் மையமும் சாலையின் 72-ஆவது கிலோமீட்டரை ஒட்டி இருக்கின்றன. அங்கேயே ஐந்து இரவுகள் தங்குங்கள். ஆர்க்டிக் வட்டம் 405-ஆவது கிலோமீட்டரில் இருக்கிறது. அதற்குப் போய்த் திரும்ப இரண்டு நாட்கள் சாலையிலேயே கழியும், நல்ல வெளிச்சத்தை வண்டிக் கண்ணாடி வழியாகத்தான் பார்ப்பீர்கள்.

இந்தச் சாலை கார்ப்பரல் வில்லியம் டெம்ப்ஸ்டரின் பெயரைத் தாங்கியது ஏன் என்பதைக் குழுவுக்கு முதல் இரவே நான் சொல்லிவிடுவேன். 1910 டிசம்பரில் இன்ஸ்பெக்டர் ஃபிரான்சிஸ் ஃபிட்ஸ்ஜெரால்டும் மூன்று காவலர்களும் ஃபோர்ட் மக்ஃபெர்சனிலிருந்து டாசனுக்கு நாய்வண்டிகளில் கிளம்பினார்கள். விரைவாகப் போய்ச் சேர வேண்டும் என்று உணவைக் குறைத்துக்கொண்டார்கள். இடையில் வழிகாட்டிய க்விச்சின் பழங்குடி மனிதரை அனுப்பிவிட்டார்கள். பிறகு மலை கடக்கும் ஓடையை அவர்களால் அடையாளம் காண முடியவில்லை. தேடித் தேடி நாட்கள் போன பிறகே திரும்ப முடிவெடுத்தார்கள். நால்வரும் இறந்தார்கள். 1911 மார்ச்சில் உடல்களைக் கண்டுபிடித்தவர் டெம்ப்ஸ்டர். எத்தனை மணிக்குத் திரும்புவது என்பதைக் கிளம்பும் முன்பே சொல்லிவிடுங்கள், அந்த மணி வந்ததும் திரும்புங்கள். மலை உச்சி நூறு மீட்டரில் இருந்தாலும் இதில் பேச்சு இல்லை.

கால் வலுவுள்ள குழு கிரிஸ்லி ஏரிக்குப் போக விரும்பும். பாதை 58-ஆவது கிலோமீட்டர் தாண்டியதும் தொடங்குகிறது. ஒரு வழிக்கு 11 கிலோமீட்டர், பெரும்பகுதி பாறைக்குவியல் ஏற்றம். அங்கே கூடாரம் போட முன்பதிவு கட்டாயம். கேமரா, லென்ஸ், டிரைபாட், கூடாரம், உணவு என்று சுமை ஏறும்போது முழுநாள் ஆகிவிடும். முதல் பயணத்துக்கு இதைச் சேர்க்காதீர்கள் என்பதே என் கருத்து. அதே பாதையில் ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் ஏறினாலே பள்ளத்தாக்கின் உட்புறம் முழுவதும் தெரியும் ஒரு மேடு இருக்கிறது. அது போதும்.

படி 4: வண்டி, எரிபொருள், தொடர்பு

பல வாடகை நிறுவனங்கள் டெம்ப்ஸ்டரில் ஓட்ட அனுமதிப்பதில்லை. ஒப்பந்தத்தைப் படித்து, எழுத்தில் அனுமதி வாங்குங்கள். சாலையின் கூரிய சரளை டயரைக் கிழிக்கும், எனவே வண்டிக்கு இரண்டு முழு அளவு ஸ்டெப்னி வேண்டும். டயரை மாற்ற எல்லோருக்கும் தெரிந்திருக்கட்டும். யூகானின் தலைநகரான வைட்ஹார்ஸிலேயே ஒருமுறை ஜாக்கி வைத்துத் தூக்கிப் பார்த்துவிடுங்கள்.

சாலையில் முதல் உறுதியான எரிபொருள் நிலையம் 369-ஆவது கிலோமீட்டரில், ஈகிள் பிளெயின்ஸில்தான் இருக்கிறது. டாசனில் டேங்கை நிரப்பிக்கொண்டு வந்தால், முகாமுக்கு வந்து சுற்றிவிட்டுத் திரும்பப் போதுமானது. ஒரு கேன் கூடுதலாக இருக்கட்டும்.

மழை பெய்தால் சாலை குழகுழவென்று வழுக்கும். நிரந்தர உறைமண் உருகிவிடாமல் இருக்க, தடித்த சரளைத் திட்டின்மேல் இந்தச் சாலையை எழுப்பியிருக்கிறார்கள். அதனால் ஓரம் செங்குத்தாக இறங்கும். அழகான காட்சி கண்டதும் ஓரம் கட்டும் பழக்கத்தைத் தொடக்கத்திலேயே நிறுத்துங்கள். அதற்கென்று விட்ட இடங்களில் மட்டுமே நிறுத்த வேண்டும். லாரி வரும்போது வேகத்தைக் குறைத்து வலப்பக்கம் ஒதுங்குங்கள்.

கைபேசிக்கு இங்கே சிக்னல் கிடையாது. ஒவ்வொரு வண்டியிலும் செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் கருவி ஒன்று இருக்க வேண்டும். ஊரில் இருக்கும் நம்பகமான ஒருவரிடம் பயணத் திட்டத்தையும் தினமும் எத்தனை மணிக்குச் செய்தி வரும் என்பதையும் கொடுத்துவிடுங்கள்.

படி 5: கரடிகள்

இது கிரிஸ்லிக் கரடிகளின் நாடு. ஆகஸ்ட் கடைசியில் அவை குளிர்காலத்துக்காகப் பெரி பழங்களைத் தின்று கொழுத்துக்கொண்டிருக்கும். நீங்கள் சிவப்புப் புதரைப் படம் எடுக்கப் போகும் அதே சரிவில்தான் அவற்றுக்கும் சாப்பாடு. நான்கு பேருக்குக் குறையாமல் சேர்ந்து நடப்பது, வளைவிலும் ஓடைச் சத்தத்திலும் உரக்கப் பேசுவது, இரண்டும் கட்டாயம்.

கரடி ஸ்ப்ரேயை விமானத்தில் கைப்பையிலும் கொண்டுவர முடியாது, சரக்குப் பெட்டியிலும் கொண்டுவர முடியாது. வைட்ஹார்ஸில் வாங்குங்கள். அது கேமராப் பையின் உள்ளே இருந்தால் எந்தப் பயனும் இல்லை. இடுப்பு வாரில் மாட்டியிருக்க வேண்டும். புகைப்படக்காரர்களுக்கு ஒரு தனி ஆபத்து உண்டு: வ்யூஃபைண்டரில் கண் வைத்துவிட்டால் பின்னால் நடப்பது தெரியாது. அதனால் எப்போதும் ஒருவர் படம் எடுக்காமல் சுற்றிலும் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். இருபது நிமிடத்துக்கு ஒருவர் என்று மாற்றுங்கள். முதல் முறையை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்.

சமையல், சாப்பாடு, பற்பசை எதுவும் கூடாரத்துக்குள் வரக் கூடாது. முகாம் மைதானத்தில் இருக்கும்போது உணவை வண்டிக்குள் பூட்டிவையுங்கள். காட்டுக்குள் தங்கினால் கரடி திறக்க முடியாத உணவுப் பெட்டி கட்டாயம், தகவல் மையத்தில் கேட்டு வாங்கலாம்.

படி 6: காலை ஒளியை எதிர்கொள்வது

சூரியன் உதிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே 74-ஆவது கிலோமீட்டரில் உள்ள பார்வையிடத்தில் நில்லுங்கள். வட கிளாண்டைக் ஆற்றுப் பள்ளத்தாக்கின் மறுகோடியில், மேற்குப் பக்கமாக, டூம்ஸ்டோன் மலை நிமிர்ந்து நிற்கும். காலை ஒளி அதன் முகத்தில் நேராக விழுகிறது. மாலையில் சூரியன் மலைக்குப் பின்னால் போய்விடுவதால் உருவக்கோடு மட்டுமே கிடைக்கும். எனவே இந்த இடம் காலைக்கு மட்டும்.

புதியவர்கள் வைட் ஆங்கிள் லென்ஸை மாட்டிக்கொண்டு வருவார்கள். அதில் மலை நகம் அளவுக்குச் சுருங்கிவிடும். 70-200 மி.மீ. ஜூம் லென்ஸைப் போடச் சொல்லுங்கள். சிகரத்தின் உச்சியில் விழும் வெளிச்சத்துக்கு எக்ஸ்போஷர் வைக்க வேண்டும், பள்ளத்தாக்கு இருட்டாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம். ஹிஸ்டோகிராம் (படத்தின் வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடம்) வலப்பக்கச் சுவரில் முட்டவில்லை என்றால் சரி. RAW கோப்பாக எடுத்தால் நிழலைப் பிறகு உயர்த்திக்கொள்ளலாம்.

குழுவை ஒரே வரிசையில் நிறுத்துங்கள். யாரும் அந்த வரிசையைத் தாண்டி முன்னால் போகக் கூடாது. ஒருவர் நல்ல முன்புலம் தேடி நான்கு அடி முன்னால் போனதும் மற்ற ஐந்து பேரின் படத்திலும் அவர் முதுகு விழும். இதுதான் குழுப் பயணங்களில் மனக்கசப்பை உண்டாக்குகிறது. முன்னால் போக விரும்புபவர்களுக்குக் கடைசிப் பதினைந்து நிமிடத்தை ஒதுக்கிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது.

மதியம் தூங்கச் சொல்லுங்கள். மேகமூட்டமாக இருந்தால் தூங்க விடாதீர்கள். நனைந்த இலைகளின் நிறம் மூட்ட வெளிச்சத்தில்தான் முழுமையாக வரும், போலரைசர் ஃபில்டரைத் திருப்பி இலைகளின் பளபளப்பை நீக்கினால் சிவப்பு அடர்த்தியாகும். அப்படிப்பட்ட நாளில் வடக்கே 103-ஆவது கிலோமீட்டர் அருகே உள்ள டூ மூஸ் ஏரிக்குப் போகலாம். பெயருக்கேற்பச் சில சமயம் மூஸ் மான்கள் நீரில் நின்று மேயும்.

படி 7: தரையைப் பார்க்க வையுங்கள்

ஒரு சதுர அடியில் நடப்பதைக் கவனிக்க அரை மணி நேரம் ஒதுக்குங்கள். மண்டியிட்டுப் பார்த்தால் குட்டை பிர்ச்சின் இலை விரல்நகம் அளவுதான், ஓரமெல்லாம் வட்டமான பற்கள், ஒரே கிளையில் பச்சை, ஆரஞ்சு, கருஞ்சிவப்பு மூன்றும். அதன் காலடியில் சாம்பல்வெள்ளைக் கரிபூ லைக்கன், உலர்ந்திருக்கும்போது தொட்டால் நொறுங்கும், மழைக்குப் பிறகு பஞ்சுபோல மெத்தென்று இருக்கும். அது ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் மட்டுமே வளர்கிறது. குளிர்காலத்தில் போர்க்குப்பைன் எனப்படும் கரிபூ மான் கூட்டத்துக்கு இதுதான் முக்கிய உணவு.

அதனால் எங்கே கால் வைக்கிறோம் என்பது முக்கியம். பாதை இருந்தால், சேறாக இருந்தாலும், அதன் நடுவிலேயே வரிசையாக நடங்கள். பாதையே இல்லாத வெளியில் ஒருவர் பின் ஒருவராகப் போகாமல் பரவி நடங்கள், அப்போது புதிய தடம் விழாது.

இந்த நிலம் ட்ரான்டெக் ஹ்வெச்சின் பழங்குடி மக்களின் பாரம்பரிய நிலம். பூங்கா உருவானதே 1998-இல் அவர்கள் அரசுகளோடு செய்துகொண்ட இறுதி ஒப்பந்தத்தின் வழியாகத்தான். இலையுதிர் காலத்தில் அவர்கள் வேட்டைக்கு வருவார்கள், அது அவர்களின் உரிமை. வேட்டையாடுபவர்களையோ முகாமையோ கேட்காமல் படம் எடுக்கக் கூடாது.

படி 8: இரவு

வானம் தெளிந்திருந்தால் அரோரா பார்க்கப் பதினொன்றரை மணிக்கு எழுப்பிவிடுங்கள். எல்லோருடைய தலைவிளக்கும் சிவப்பு ஒளியில் இருக்கட்டும். வெள்ளை ஒளி ஒரே ஒரு நொடி பட்டால் போதும், அத்தனை பேர் படமும் வீண். பிரகாசமான நட்சத்திரம் ஒன்றை லைவ் வ்யூவில் பெரிதாக்கி, கையால் ஃபோகஸ் செய்து, லென்ஸ் வளையத்தை டேப் போட்டு ஒட்டச் சொல்லுங்கள். எஃப் 2.8, ஐஎஸ்ஓ 1600 முதல் 3200, பத்து நொடி என்று தொடங்கலாம். ஒளி வேகமாக அலையும்போது நான்கைந்து நொடிக்குக் குறையுங்கள், இல்லையென்றால் அரோராவின் திரைச்சீலை போன்ற மடிப்புகள் எல்லாம் பச்சைக் குழம்பாகிவிடும். மாற்று பேட்டரிகள் உள்சட்டைப் பையில், உடம்புச் சூட்டில் இருக்க வேண்டும்.

இரவு விழித்தவர்களை மறுநாள் விடியலுக்குக் கட்டாயப்படுத்தாதீர்கள். தூக்கம் கெட்டவர் சரளைச் சாலையில் வண்டி ஓட்டக் கூடாது.

படி 9: திரும்புவது

கடைசி இரவு எல்லோருடைய மெமரி கார்டும் இரண்டு டிஸ்க்குகளில் நகலெடுக்கப்பட்டிருக்கட்டும், ஒன்று உங்கள் வண்டியில், மற்றொன்று அடுத்த வண்டியில். காலையில் டயர்களைச் சுற்றிப் பாருங்கள். லென்ஸ் மாற்றும் வேலை சாலையின் தூசியில் வேண்டாம். கடன் வாங்கிய உணவுப் பெட்டிகளைத் தகவல் மையத்தில் ஒப்படையுங்கள். டாசனுக்கு வந்து சிக்னல் கிடைத்ததும், உங்கள் செய்திக்காகக் காத்திருப்பவரை முதலில் அழைத்து, ஆறு பேரும் வந்து சேர்ந்துவிட்டோம் என்று சொல்லுங்கள்.