நீல டிக் விழுகிறது, பதில் வரவில்லை: அஃபிலியேட் டீமில் பேசாதவர்களைப் பேச வைப்பது எப்படி?

ஞாயிற்றுக்கிழமை காலை. அஃபிலியேட் டீம் (ஒரு நிறுவனத்தின் பொருளுக்கான லிங்க்கைப் பகிர்ந்து, அதில் விற்றால் கமிஷன் வாங்குபவர்கள்) வாட்ஸ்அப் குழுவில் "இந்த வாரம் எத்தனை லிங்க் போட்டீங்க?" என்று கேட்கிறீர்கள். 14 பேரில் இரண்டு பேர் கட்டைவிரல் காட்டுகிறார்கள். ஒருவர் ரோஜாப்பூவோடு குட்மார்னிங் அனுப்புகிறார். மற்றவர்கள் படித்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். புதிதாக டீம் நடத்துகிற எல்லாருக்கும் இது நடக்கும். எனக்கு நடந்தபோது, வெற்றி, உழைப்பு என்று ஒரு முழ நீளத்துக்கு எழுதிக் குழுவில் போட்டேன். அன்று சாயங்காலமே மூன்று பேர் குழுவை விட்டுப் போய்விட்டார்கள்.

பேசாமல் இருப்பவரைச் சோம்பேறி என்று நினைத்ததுதான் என் தப்பு. முக்கால்வாசிப் பேர் எங்கேயோ சின்னதாக மாட்டிக்கொண்டு, அதைச் சொல்லக் கூச்சப்பட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களை அங்கிருந்து எடுத்துவிடும் வழிதான் இது.

படி 1: முதலில் உங்கள் திட்டத்தைப் பாருங்கள்

அஃபிலியேட்டில் டீம் என்பது பெரும்பாலும் இரண்டடுக்குத் திட்டம். நீங்கள் அறிமுகப்படுத்தியவர் ஒரு பொருளை விற்றுக்கொடுத்தால் அவருக்குக் கமிஷன். உங்களுக்கும் நிறுவனம் ஒரு சிறு பங்கு தரும். பொருள் விற்றால்தான் காசு. ஆள் சேர்த்தாலே காசு, சேருவதற்கே கட்டணம் என்றால் அது வேறு சமாச்சாரம். பணச்சுழற்சித் திட்டங்களுக்கு நம் நாட்டில் 1978லேயே தடைச் சட்டம் வந்துவிட்டது. 2021 டிசம்பரில் வந்த நேரடி விற்பனை விதிகளும் பிரமிடு திட்டங்களைத் தடை செய்கின்றன. உங்களுடையது அந்த வகை என்றால் பேசாமல் இருப்பவர்தான் டீமிலேயே விவரமானவர். அவரை உற்சாகப்படுத்த வேண்டாம், நீங்களும் வெளியே வாருங்கள்.

படி 2: யார் படிக்கவில்லை, யார் படித்தும் பேசவில்லை?

குழுவில் நீங்கள் போட்ட செய்தியை அழுத்திப் பிடித்து, தகவல் பகுதியைத் திறந்தால் படித்தவர்கள் தனியாகவும், செய்தி போய்ச் சேர்ந்தும் படிக்காதவர்கள் தனியாகவும் தெரிவார்கள். நீல டிக்கை அணைத்து வைத்திருப்பவர்களும் குழுச் செய்தியில் தப்ப முடியாது. படிக்காதவர்கள் குழுவை மியூட் செய்திருப்பார்கள். அவர்களுக்கு ஒரு போன் போதும். படித்தும் பேசாதவர்களின் பெயரை ஒரு நோட்டில் எழுதுங்கள். நமக்கு வேலை அவர்களிடம்தான்.

படி 3: தனியாகக் கேளுங்கள், ஒரு எழுத்தில் பதில் சொல்ல முடிகிற மாதிரி

"ஏன் ஆக்டிவா இல்ல?" என்று கேட்டால் அது பள்ளிக்கூடத்தில் எழுப்பி நிற்க வைக்கிற மாதிரி. என்ன பதில் சொல்ல முடியும்? "எப்படி இருக்கீங்க, பிசினஸ் எப்படிப் போகுது?" என்பதும் வேலைக்காகாது, "நல்லா போகுது" என்று வரும், அத்தோடு முடிந்தது.

நான் இப்படி அனுப்புகிறேன்: "அக்கா, போன வாரம் போட்ட லிங்க்குக்கு எத்தனை கிளிக் காட்டுது? ஒண்ணும் இல்லன்னா 0ன்னு மட்டும் அனுப்புங்க. எனக்கும் முதல் மாசம் 0 தான்." கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். அது இருந்தால்தான் எதிராளிக்கு 0 என்று அனுப்ப மனசு வரும்.

நேரமும் முக்கியம். வீட்டு வேலை பார்ப்பவருக்குக் காலை 8 மணிக்கு அனுப்பினால் பார்த்துவிட்டு மறந்துவிடுவார். இரவுச் சாப்பாடு முடிந்த பிறகு அனுப்புங்கள். கடையில் வேலை செய்யும் தம்பிக்கு மதியம் 3 மணி. ஒரே செய்தியை எல்லாருக்கும் பிராட்காஸ்டில் தட்டிவிடாதீர்கள். பெயரில்லாமல் பொதுவாக வருகிற செய்தியை யாரும் கண்டுபிடித்துவிடுவார்கள்.

படி 4: மாட்டிக்கொண்ட இடத்தைத் தேடுங்கள்

0 என்று பதில் வந்ததும் அறிவுரை சொல்லத் துடிக்கும். கொஞ்சம் பொறுங்கள். அவர் போட்ட லிங்க்கை வாங்கி நீங்களே திறந்து பாருங்கள். புதியவர்கள் பழகுவது பெரும்பாலும் அமேசானில் என்பதால் அதையே வைத்துச் சொல்கிறேன்.

லிங்க்கில் அவருடைய டிராக்கிங் ஐடி (விற்பனை அவர் மூலம் வந்தது என்று காட்டும் குறியீடு) இருக்கிறதா? மொபைல் ஆப்பில் சாதாரண ஷேர் பட்டனை அழுத்தி எடுத்த லிங்க்கில் அது இல்லாமல் போகலாம். கணினியில் அஃபிலியேட் கணக்கில் நுழைந்ததும் அமேசான் பக்கத்தின் மேலே தெரியும் சைட்ஸ்ட்ரைப் பட்டையிலிருந்து எடுத்தால் சரியாக வரும். மாசக்கணக்கில் ஐடி இல்லாத லிங்க்கைப் போட்டுவிட்டு, 'நமக்கு ராசியில்லை' என்று முடிவு கட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

தன் லிங்க்கில் தானே வாங்கினாரா? கமிஷன் கிடையாது. வீட்டுக்காரரையும் நெருங்கிய சொந்தத்தையும் வாங்க வைத்தாலும் அதே கதை. லிங்க்கைத் தட்டியவர் 24 மணி நேரத்துக்குள் பொருளைக் கூடையில் போட வேண்டும் என்பதும் பலருக்குத் தெரியாது. சேர்ந்த 180 நாளுக்குள் மூன்று விற்பனையாவது வராவிட்டால் கணக்கு மூடப்படும். திரும்ப விண்ணப்பிக்கலாம், ஆனால் மூடிய செய்தி வந்த அன்றே 'நாம் ஃபெயில்' என்று பலர் ஒதுங்கிவிடுகிறார்கள்.

பிறகு, காசு வருகிற நாள். ஜூனில் விற்றதற்கான கமிஷன் ஏறக்குறைய ஆகஸ்ட் கடைசியில்தான் வரும். இதை முதல் நாளே சொல்லாவிட்டால் ஜூலையில் உங்கள் மேல்தான் சந்தேகம் வரும். தப்பு உங்களுடையதுதான்.

இதெல்லாம் இல்லாத காரணமும் உண்டு. எங்கள் டீமில் தையல் வேலை செய்யும் ஓர் அக்கா இரண்டு மாதம் வாயே திறக்கவில்லை. லிங்க் சரி, கணக்கும் சரி. குரல் பதிவில் கடைசியாகச் சொன்னார்: "ஸ்டேட்டஸ்ல நான் வச்ச வீடியோவ பாத்துட்டு நாத்தனார், 'என்ன, ஊரெல்லாம் விக்க ஆரம்பிச்சுட்டியா'ன்னு சிரிச்சாங்க தம்பி." அவ்வளவுதான். எந்தப் பயிற்சி வகுப்பும் இதற்கு மருந்து இல்லை.

படி 5: அடுத்த வேலையைக் கூடவே உட்கார்ந்து செய்யுங்கள்

வாட்ஸ்அப் வீடியோ காலில் திரையைப் பகிரும் வசதி இருக்கிறது. 15 நிமிடம் ஒதுக்குங்கள். வங்கி ஆப், ஓடிபி எதையும் திறக்க வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். அவர் வீட்டில் ஏற்கெனவே பயன்படுத்துகிற ஒரு பொருளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்த அக்காவிடம் நான் கேட்டது, "உங்ககிட்ட தைக்கக் கத்துக்க வர்றவங்க அடிக்கடி எதைக் கேப்பாங்க?" ஜிப் வைத்துத் தைக்கிற ஃபுட் (மிஷினில் துணியை அழுத்திப் பிடிக்கும் பாகம்) என்றார். சொந்தக்காரர்கள் பார்க்கிற ஸ்டேட்டஸை விட்டுவிட்டு, தையலுக்கென்றே ஒரு யூடியூப் சேனல் தொடங்கினோம். முகம் தெரியாது, கையும் மிஷினும் மட்டும். ஒரு நிமிட வீடியோ, கீழே லிங்க், கமிஷன் கிடைக்கும் என்று ஒரு வரி (அமேசான் அதைக் கட்டாயமாகக் கேட்கிறது, சேனலையும் கணக்கில் சேர்க்க வேண்டும்). முதல் வாரம் 11 கிளிக், விற்பனை ஒன்றும் இல்லை. ஆனால் குழுவில் அவரே எழுதினார்: "11 பேர் தொட்டிருக்காங்க."

பாராட்டுவதாக இருந்தால் அந்த 11ஐப் பாராட்டுங்கள். 'சூப்பர், கலக்குங்க' எல்லாருக்கும் போவது. "ஜிப் வீடியோவில் வெளிச்சம் நல்லா இருந்துச்சு, ஃபுட் தெளிவாத் தெரியுது" என்பது அவருக்கு மட்டும் உரியது. விற்பனையில் முதலிடம் யார் என்று பட்டியல் போடும் பழக்கத்தை நான் நிறுத்திவிட்டேன். அது ஏற்கெனவே ஓடுகிறவர்களுக்குத்தான் பிடிக்கிறது.

படி 6: மூன்று முறை, அதற்கு மேல் வேண்டாம்

பத்து நாள் இடைவெளியில் மூன்று முறை தனியாகக் கேட்டும் பதில் இல்லையென்றால் துரத்தாதீர்கள். சொல்லாமல் குழுவிலிருந்து நீக்கவும் வேண்டாம். கடைசியாக ஒன்று அனுப்புங்கள்: "இப்ப நேரம் இல்லன்னா பரவாயில்ல தம்பி. குழுவிலிருந்து எடுத்துடறேன், சத்தம் குறையும். உன் கணக்கு உன்னுதுதான், என்னைக்கு வேணும்னாலும் ஆரம்பிக்கலாம். அப்ப ஒரு புள்ளி அனுப்பு, நான் கூப்பிடறேன்."

இதற்கும் பெரும்பாலும் பதில் வராது. நோட்டில் அந்தப் பெயருக்கு நேரே அன்றைய தேதியை எழுதிவிட்டு, அடுத்த பெயருக்குப் போங்கள்.