சம்பளமில்லாத வேலையை ரெஸ்யூமில் ஏற்றுவது எப்படி? விக்கிமூலத்தில் தொடங்கலாம்

மெய்ப்புத் திருத்தும், அதாவது அச்சுக்குப் போகும் உரையில் பிழை களையும், வேலைக்கு வரும் விண்ணப்பங்களைப் படித்துப் பார்ப்பதும் என் வேலைகளில் ஒன்று. பாதிப் பேர் கடைசி வரியில் ‘சமூக சேவையில் ஆர்வம் உண்டு’ என்று எழுதியிருப்பார்கள். நாட்டு நலப்பணித் திட்டத்தில் இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரம் முடித்த சான்றிதழும் இருக்கும். அந்த 240 மணி நேரத்தில் என்ன செய்தார்கள் என்பதுதான் இருக்காது. மரம் நட்டார்களா, நட்ட மரம் பிழைத்ததா, யார் கண்டது?

எழுத்து, மொழிபெயர்ப்பு, பதிப்பு என்று தமிழில் வேலை தேடுகிறீர்களா? செய்த வேலை பிறர் கண்ணில் படும்படி நிற்கும் இடமாகப் பார்த்துத் தன்னார்வப் பணிக்குப் போங்கள். எனக்குப் பழக்கமான இடம் தமிழ் விக்கிமூலம். பழைய நூல்களின் பக்கங்களைப் படமெடுத்து, அவற்றைப் பார்த்து எழுத்துகளாக்கி வைக்கும் தளம்.

படி 1: கணக்கு

விக்கிப்பீடியாவில் கணக்கு இருந்தால் அதுவே போதும். இல்லையென்றால் புதிதாகத் தொடங்குங்கள். பயனர் பெயரில் விளையாட்டு வேண்டாம். நாளைக்கு ரெஸ்யூமில் ஏறப்போகும் பெயர் அது.

படி 2: நூல்

ஒவ்வொரு நூலுக்கும் ஓர் அட்டவணைப் பக்கம் உண்டு. அதில் பக்க எண்கள் வண்ணத்தில் தெரியும். சிவப்பு என்றால் இன்னும் மெய்ப்புப் பார்க்கவில்லை, மஞ்சள் என்றால் ஒருவர் பார்த்துவிட்டார், பச்சை என்றால் இரண்டாவது ஆளும் சரிபார்த்துவிட்டார். சிவப்பு நிறைந்த மெல்லிய உரைநடை நூலாக எடுங்கள். செய்யுளும் கட்டங்களும் உள்ள நூல்கள் பிறகு.

படி 3: மெய்ப்பு

ஒரு பக்கம் அச்சுப் பக்கத்தின் படம், மறுபக்கம் கணினி அதைப் படித்துத் தந்த உரை. இரண்டையும் வரி வரியாக ஒப்பிட வேண்டும். கணினி எங்கே சறுக்கும் என்பது நாலு பக்கத்தில் பிடிபட்டுவிடும். துணைக்காலை ‘ர’ என்று படிக்கும். மெய்யின் மேலுள்ள புள்ளியை விழுங்கும். 1978இல் தமிழ்நாட்டு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்பதற்கு முன் அச்சான நூல்களில் யானைத் துதிக்கை போல் வளைந்த பழைய வடிவ ‘லை’, ‘ணை’ எல்லாம் வரும், அங்கே திணறும்.

இதைவிடக் கடினம், கையைக் கட்டிக்கொண்டிருப்பது. ஆசிரியர் ஒற்று மிகாமல் எழுதியிருந்தால் நீங்கள் ஒற்றுப் போடக் கூடாது. மூலத்தில் உள்ளது உள்ளபடி. தமிழ் நன்றாகத் தெரிந்தவர்கள்தான் இதில் அதிகம் தவறுவார்கள், நானும் தவறியிருக்கிறேன். எழுதியவரின் நடையைத் தொடாமல் பிழையை மட்டும் எடுக்கத் தெரிந்த ஆள் கிடைத்தால் பதிப்பகத்தில் விடமாட்டார்கள்.

வாரத்துக்குப் பத்துப் பக்கம் போதும். கைபேசியில் முயல வேண்டாம், கண் போய்விடும்.

படி 4: திருத்தப்படுதல்

நீங்கள் மஞ்சளாக்கிய பக்கத்தை நீங்களே பச்சையாக்க முடியாது. இன்னொருவர் வந்து, நீங்கள் விட்ட பிழையைப் பிடிப்பார். கோபம் வரும். அந்தப் பக்கத்தில் செய்த மாற்றங்கள் பதிவாகும் வரலாற்றுப் பகுதியைத் திறந்து அவர் என்ன மாற்றினார் என்று பாருங்கள். ஒரே வகைப் பிழை மூன்று முறை வந்தால் தாளில் குறித்து வையுங்கள். படி 6இல் உதவும்.

படி 5: ரெஸ்யூம்

‘விக்கிமூலத்தில் பணிபுரிந்தேன்’ என்று எழுதாதீர்கள், அது சம்பளம் வாங்கிய பதவி மாதிரி தொனிக்கும். இப்படி எழுதலாம்: ‘தமிழ் விக்கிமூலத்தில் தன்னார்வ மெய்ப்புப் பணி, ஆறு மாதம், 240 பக்கங்கள், அவற்றில் 90 பக்கங்கள் பிறரால் சரிபார்க்கப்பட்டவை.’ எண்கள் உங்களுடையவையாக இருக்கட்டும். கீழே உங்கள் ‘பங்களிப்புகள்’ பக்கத்தின் இணைப்பைக் கொடுங்கள். நாள், நேரம், மாற்றிய எழுத்து வரை அங்கே பதிவாகியிருக்கும். நான் அதைத் திறந்து பார்ப்பேன். எல்லா நிறுவனமும் பார்க்கும் என்று சொல்லமாட்டேன். வங்கி வேலைக்கு இது எடுபடாது.

இடையில் ஒன்று. லாபத்துக்கு நடக்கும் கடை ‘தன்னார்வலராக வாங்க, அனுபவம் கிடைக்கும்’ என்று மொழிபெயர்ப்பை வாங்கிக்கொண்டால் அது சேவை இல்லை, சம்பள பாக்கி.

படி 6: நேர்காணல்

உங்கள் பக்கங்களில் ஒன்றை, கணினி தந்த உரையும் திருத்திய உரையுமாக அச்செடுத்துக்கொண்டு போங்கள். போன ஆண்டு ஒரு பெண் அப்படி வந்தார். நான் கேட்பதற்கு முன்பே தாளைத் திருப்பி, இன்னொருவர் தன்னிடம் பிடித்த பிழைகள் எவை என்று காட்டினார். ‘ல’, ‘ள’ இரண்டிலும் தனக்குத் தடுமாற்றம் உண்டு, அதனால் கடைசியாக ஒரு முறை அதற்காக மட்டும் படிப்பேன் என்றார். நாங்கள் வைத்திருந்த தேர்வுத் தாளை எடுக்கவே இல்லை.